பழுதோடு பழகும் சிப்

‘உலகுக்கு வணக்கம்’ சொல்வது கணினி உலகின் அரிச்சுவடிப் பாடம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான ஒரு சிப் 2019-ல் அதை ஒப்பித்தபோது, விஞ்ஞானிகள் திரும்பிப் பார்த்தார்கள். அதிலிருந்த 14,000-க்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்களில் மின்சாரம் ஓடியது சிலிக்கானில் அல்ல, கார்பன் நானோகுழாய்களில்!

ஓர் அணுவின் தடிமனே உள்ள கார்பன் தாளைச் சுருட்டினாற்போன்ற அமைப்பு இது. குறுக்களவு சுமார் 1 நானோமீட்டர், அதாவது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. குறைந்த மின்சாரத்தில் வேகமாக இயங்கும் என்பதால், 1998-ல் இதைக்கொண்டு முதல் டிரான்சிஸ்டர் செய்த காலத்திலிருந்தே எதிர்பார்ப்பு எகிறியது. கணினிதான் கைகூடவில்லை.

கோளாறு பிறப்பிலேயே இருக்கிறது. இந்தக் குழாய்களை ஒவ்வொன்றாகச் செதுக்க முடியாது. வேதிவினையில் மொத்தமாக வளர்க்க வேண்டும். அப்படி வளர்பவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று உலோகக் குணத்தோடு பிறந்துவிடும். டிரான்சிஸ்டருக்கு வேண்டியது, நினைத்தபோது அணைக்கக்கூடிய குறைகடத்தி. உலோகக் குழாயோ திருகு கழன்ற தண்ணீர்க் குழாய் மாதிரி, மூடவே மூடாது.

2013-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சுபாஷிஷ் மித்ரா, பிலிப் வாங், மேக்ஸ் ஷுலேக்கர் குழுவினர் இதற்கு அதிரடி வைத்தியம் செய்தார்கள். குறைகடத்திக் குழாய்களை அணைத்துவிட்டு, மின்சாரத்தைக் கூடுதலாகப் பாய்ச்சினார்கள். அணையாத உலோகக் குழாய்கள் மட்டும் சுமை தாங்காமல் எரிந்துபோயின. வெறும் 178 டிரான்சிஸ்டர்களுடன் பிறந்தது ‘செட்ரிக்’ கணினி. எண்ணவும் எண்களை வரிசைப்படுத்தவும் அதற்குத் தெரியும்.

ஆயிரக்கணக்கில் டிரான்சிஸ்டர்கள் வேண்டுமென்றால்? உலோகக் குழாய்கள் கலக்காமல் 99.999999 சதவீதம் தூய்மையாக இருக்க வேண்டும், அது எட்டாக்கனி. கைக்குக் கிடைப்பது 99.99 சதவீதம்தான். எம்.ஐ.டி.க்குச் சென்ற ஷுலேக்கரின் குழு, குழாய்களை விட்டுவிட்டு மின்சுற்றின் வரைபடத்தில் கைவைத்தது. டிரான்சிஸ்டர்களால் ஆன லாஜிக் கேட்டுகளை இணைக்கும் வரிசையைப் பொறுத்து, உலோகக் குழாயின் தொல்லை சில ஜோடிகளில் கணக்கையே கெடுக்கிறது; சில ஜோடிகளில் பெரிதாகப் பாதிப்பதில்லை. தாங்காத ஜோடிகளை வடிவமைப்பிலேயே தவிர்த்தார்கள். 99.99 போதுமானதாகிவிட்டது; வணக்கம் சொன்ன அந்த சிப் பிறந்தது.

நம்பகமற்ற உறுப்புகளைக்கொண்டு நம்பகமான இயந்திரம் செய்யலாம் என்று கணித மேதை ஜான் வான் நாய்மன் 1950-களிலேயே வாதிட்டிருக்கிறார். இன்றைய செல்போன் சிப்பில் பல நூறு கோடி சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அந்த உயரத்தை நானோகுழாய் எட்ட இன்னும் வெகுதூரம் போக வேண்டும். ஆனால், அப்பழுக்கற்ற பொருளுக்காகக் காத்திருப்பவர்களால் அந்தத் தூரத்தைக் கடக்க முடியாது. பழுதையும் கணக்கில் சேர்த்து வரைபவர்களால்தான் முடியும்.