எவரெஸ்ட் அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம்

1953ஆம் ஆண்டு மே 29ஆம் தேதி எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாகக் காலடி வைத்தவர்கள் இருவர். ஒருவர் டென்சிங் நார்கே. மற்றவர் எட்மண்ட் ஹில்லரி. பள்ளிக்கூட வாசலை மிதித்த எவரும் இந்த இரு பெயர்களையும் பாடப் புத்தகத்தில் படித்திருப்பார்கள். ஆனால் எவரெஸ்டின் அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்த ஷெர்ப்பாக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அந்த நாளில் பாடப் புத்தகம் என்பதே எட்டாப் பொருள்.

டென்சிங்குக்கே எழுதப் படிக்கத் தெரியாது. சிறு வயதில் அவரைப் பௌத்த மடாலயம் ஒன்றில் சேர்த்தார்கள். அங்கிருந்த லாமா அடித்ததும் ஓடி வந்துவிட்டார். பிறகு பிழைப்புத் தேடி டார்ஜிலிங் வந்து சேர்ந்து சுமை தூக்கினார். பேசத் தெரிந்த மொழிகள் பல. படிக்கத் தெரிந்தது ஒன்றுமில்லை. அவருடைய வாழ்க்கை வரலாறு கூட அவர் வாயால் சொல்ல, அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் எழுதியதுதான்.

உலகமே கொண்டாடிய வீரரின் நிலை இது என்றால், பெயர் தெரியாத கூலிகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிலையை மாற்றப் புறப்பட்ட ஒரு சிறிய தர்ம ஸ்தாபனத்தின் கதை இது.

கேட்டது ஒன்றே ஒன்று

எவரெஸ்டுக்குத் தெற்கே, நேபாளத்தில் உள்ள மலைப் பகுதிக்குக் கும்பு என்று பெயர். சில நூறு ஆண்டுகளுக்கு முன் திபெத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் ஷெர்ப்பாக்கள். உருளைக்கிழங்கு பயிரிடுவார்கள்; யாக் எருமை மேய்ப்பார்கள்; பனிக் கணவாய் வழியாகத் திபெத்துக்குப் போய் வியாபாரம் செய்வார்கள். 1959க்குப் பிறகு திபெத்தில் ஏற்பட்ட மாறுதல்களால் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. மலையேறும் கோஷ்டிகளுக்குச் சுமை தூக்குவது ஒன்றுதான் மிச்சமான வருமானம். கணக்குத் தெரியாதவன், எழுதப்பட்டதைப் படிக்க முடியாதவன், கொடுத்த கூலியை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

1960ஆம் ஆண்டில் ஹில்லரி மீண்டும் கும்பு வந்தார். உயர்ந்த மலைகளில் மனித உடல் எப்படி இயங்குகிறது என்று ஆராயவும், பனி மனிதன் எனப்படும் எட்டி உண்மையில் உண்டா என்று பார்க்கவும் வந்த கோஷ்டி அது. ஒரு நாள் நெருப்பைச் சுற்றி அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, உங்களுக்காக ஒரு காரியம் செய்வதென்றால் எதைச் செய்யலாம் என்று ஹில்லரி ஷெர்ப்பாத் தலைவர் ஒருவரிடம் கேட்டார். அவர் பணம் கேட்கவில்லை, பொருளும் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குக் கண் இருந்தும் பார்வை இல்லை, எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் வைத்து அவர்கள் கண்ணைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டார்.

எழுத்தைக் கண்ணுக்கு ஒப்பிடுவது தமிழர்களுக்குப் பழகிய பேச்சு. எழுத்தே அறியாத ஒரு மலைவாசியின் வாயிலும் அதே உவமை வந்தது.

எட்டியின் தலையும் பள்ளியின் கூரையும்

கும்ஜுங் என்ற கிராமம் சுமார் 12,400 அடி உயரத்தில் உள்ளது. அவ்வூர்க் கோவிலில் எட்டியின் மண்டைத் தோல் என்று ஒரு பொருளைப் பூஜையில் வைத்திருந்தார்கள். அதைப் பரிசோதனைக்காக வெளிநாடு கொண்டு போக ஹில்லரி அனுமதி கேட்டார். ஆறு வாரத்துக்குள் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஊரார் நிபந்தனை போட்டார்கள். பிரதியுபகாரமாக ஊருக்கு ஒரு பள்ளி அமையப் பணம் திரட்ட முயல்வதாக ஹில்லரி வாக்களித்தார்.

கிராமத்துப் பெரியவர் குன்ஜோ சும்பி அந்தத் தோலுடன் சிகாகோ, பாரிஸ், லண்டன் என்று சுற்றி வந்தார். அது இமயமலைக் காட்டு ஆட்டின் தோலில் செய்யப்பட்டது என்று விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள். எட்டி கிடைக்கவில்லை, பள்ளிக்கூடம் கிடைத்தது!

1961ஆம் ஆண்டில் கட்டடம் எழுந்தது. அதற்கு வேண்டிய அலுமினியப் பகுதிகளை நன்கொடையாகக் கொடுத்தது இந்தியாவின் அலுமினியக் கம்பெனி ஒன்று. முதல் ஆசிரியராக வந்தவர் டார்ஜிலிங்கில் படித்த ஒரு ஷெர்ப்பா. பிழைப்புக்காக மலையை விட்டு இறங்கி இந்தியா வந்த குடும்பங்களில்தான் அப்போது படித்தவர்கள் இருந்தார்கள். வெளியூர் போனவர்களின் கல்வி, சொந்த மண்ணுக்குத் திரும்பி வந்து பயன்பட்டது. முதலில் சேர்ந்த பிள்ளைகள் நாற்பதுக்குச் சற்று மேல். கம்பளி உடையும், காலையில் அடுப்பெரித்த புகை நெடியுமாக வந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

ஊரார் பங்கு

கும்ஜுங் பள்ளியைப் பார்த்ததும் மற்ற கிராமங்களிலிருந்து மனுக்கள் வரத் தொடங்கின. 1963இல் பாங்போச்சேயிலும் தாமேயிலும் பள்ளிகள் அமைந்தன. அடுத்த ஆண்டில் மேலும் சில ஊர்கள். இப்பணியை நடத்த அமைந்ததே ஹிமாலயன் டிரஸ்ட்.

இந்த டிரஸ்டின் வேலை முறை எளிமையானது. ஊரார் கேட்காமல் எதையும் செய்வதில்லை. கேட்டால், ஊரார் பங்கு என்ன என்று கேட்பது. நிலம் ஊரார் தர வேண்டும். கல் உடைத்து, மரம் அறுத்து, முதுகில் சுமந்து வர வேண்டும். நியூஸிலாந்திலிருந்து தச்சர்களும் கொத்தர்களும் தொண்டர்களாக வந்து கூட நின்று கட்டுவார்கள். பணத்துக்காக ஹில்லரி ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவு ஆற்றினார். தேனீ வளர்த்துப் பிழைத்த குடும்பத்தில் வந்தவர் அவர். கூச்ச சுபாவம் உள்ளவரும் கூட. ஆயினும் பள்ளிக்கென்று கையேந்த அவர் கூச்சப்படவில்லை.

சாமான் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. காட்மாண்டுவிலிருந்து கும்பு வர இரண்டு வாரத்துக்கு மேல் நடக்க வேண்டும். ஆகவே 1964இல் லுக்லா என்ற இடத்தில் சரிவான நிலத்தை வாங்கி விமானத் தளம் அமைத்தார்கள். மண்ணைக் கெட்டிப்படுத்த யந்திரம் ஏது? ஷெர்ப்பாக்கள் கைகோத்து வரிசையாக நின்று, காலால் மிதித்து ஆடும் நாட்டியத்தை ஆடினார்கள். தரை இறுகியது.

உப்பில் இருந்த குறை

பள்ளி வைத்த பிறகு இன்னொரு உண்மை தெரிந்தது. சில பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் ஏறவில்லை. காது கேளாதவர்கள், பேச்சு வராதவர்கள், மூளை வளர்ச்சி குன்றியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பெரியவர்களில் பலருக்குக் கழுத்தில் பெரிய கழலை. காரணம் விதியும் அல்ல, சாபமும் அல்ல. அந்த மலை மண்ணிலும் நீரிலும், உண்ணும் உப்பிலும் அயோடின் போதாமல் இருந்ததுதான். கருவுற்ற தாய்க்கு அயோடின் குறைந்தால் பிறக்கும் பிள்ளையின் மூளை பாதிக்கப்படும்.

1966இல் கும்ஜுங்குக்குப் பக்கத்துக் கிராமமான குண்டேயில் ஒரு சிறு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அயோடின் கலந்த எண்ணெயை ஊசி மூலம் செலுத்தும் சிகிச்சை தொடங்கியது. அதற்குப் பின் பிறந்த குழந்தைகளிடம் இந்தக் குறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. பள்ளிக்கூடம் மட்டும் வைத்தால் போதாது, படிக்கக்கூடிய நிலையில் பிள்ளை பிறக்கவும் வேண்டும் என்பதை டிரஸ்ட் இப்படிக் கற்றுக்கொண்டது.

நின்று போகாத பணி

1975ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி ஹில்லரியின் வாழ்வில் பேரிடி விழுந்தது. அவர் பாப்லு என்ற ஊரில் இன்னொரு ஆஸ்பத்திரி கட்டும் வேலையில் இருந்தார். அவரிடம் வந்து சேரப் புறப்பட்ட மனைவி லூயிஸும், பதினாறு வயது மகள் பெலிண்டாவும் சென்ற சிறு விமானம் காட்மாண்டுவிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்து நொறுங்கியது. இருவரும் மாண்டார்கள்.

அதோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஹில்லரி நீண்ட காலம் துயரத்தில் மூழ்கிக் கிடந்தார். ஆனால் பாப்லு ஆஸ்பத்திரி கட்டி முடிக்கப்பட்டது; பள்ளிப் பணியும் தொடர்ந்தது. 1985 முதல் 1989 வரை அவர் இந்தியாவுக்கான நியூஸிலாந்து ஹைகமிஷனராகப் புது தில்லியில் இருந்த காலத்திலும், மலைக்குப் போய் வருவது நிற்கவில்லை. 2008ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் தேதி அவர் காலமானபோது, டிரஸ்ட் கட்டிய பள்ளிகளின் எண்ணிக்கை இருபத்தைந்தைத் தாண்டியிருந்தது.

படித்தவர்கள் எங்கே?

பள்ளிக்கூடத்தின் பெருமை கட்டடத்தில் இல்லை. வெளியே வந்த பிள்ளைகளிடம் இருக்கிறது. கும்ஜுங்கின் முதல் மாணவர்களில் ஒருவரான மிங்மா நோர்பு ஷெர்ப்பா நியூஸிலாந்தில் மேற்படிப்புப் படித்துத் திரும்பி, எவரெஸ்ட் பகுதியில் அமைந்த சாகர்மாதா தேசியப் பூங்காவின் தலைமை அதிகாரி ஆனார். 2006இல் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்தது நேபாளத்துக்கே நஷ்டம். காமி டெம்பா ஷெர்ப்பா என்ற மாணவர் குண்டே ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்தார். பிறகு பிஜித் தீவு சென்று டாக்டர் பட்டம் பெற்று, அதே ஆஸ்பத்திரிக்குத் தலைமை டாக்டராகத் திரும்பி வந்தார். வெளிநாட்டு டாக்டர்கள் நடத்திவந்த ஆஸ்பத்திரியை உள்ளூர்ப் பிள்ளை ஏற்று நடத்தினார். இதைவிட வேறென்ன பரிசு வேண்டும்?

கல்வி தந்த இன்னொரு வசதி, வேலையைத் தேர்ந்தெடுக்கும் வசதி. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி எவரெஸ்டில் பனி சரிந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பிறருடைய கயிறும் கூடாரமும் சுமந்து போனவர்கள் அவர்கள். மலை ஏறுவது சிலருக்கு ஆசை, பலருக்கு வயிற்றுப்பாடு. படித்தவனுக்கு, வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி உண்டு. தாம் சுமந்த சுமையைத் தம் பிள்ளைகள் சுமக்க வேண்டாம் என்றுதான் டென்சிங்கும் நினைத்தார்.

லாபத்தோடு வந்த கவலை

எல்லாம் நன்மையாகவே முடிந்தது என்று சொல்வதற்கில்லை. பள்ளிக்குச் சாமான் இறக்கப் போட்ட லுக்லா விமானத் தளத்தில் பின்னாளில் உல்லாசப் பயணிகள் வந்து இறங்கினார்கள். இன்று ஆண்டொன்றுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். அதனால் ஓட்டல் நடத்திப் பணம் பார்த்த குடும்பங்கள் பல. கையில் காசு வந்ததும் அவர்கள் பிள்ளைகளைக் காட்மாண்டுவில் விடுதிப் பள்ளியில் சேர்க்கிறார்கள். மலைப் பள்ளிகள் சிலவற்றில் வகுப்பறை இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், பிள்ளைகள் குறைவு. வீட்டில் பேசும் ஷெர்ப்பா மொழி நகரத்தில் வளரும் பிள்ளைகள் வாயில் மெல்லத் தேய்ந்து வருகிறது. சொந்த ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு இந்தக் கவலை புதிதல்ல.

இயற்கையும் சும்மா இருக்கவில்லை. 2015ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் கும்புவின் பள்ளிகள் பல விரிசல் கண்டன. டிரஸ்ட் மறுபடி வகுப்பறைகள் கட்டியது. 2024 ஆகஸ்ட் 16ஆம் தேதி, மேலே இருந்த பனிமலை ஏரி உடைத்துக்கொண்டு தாமே கிராமத்தின் மீது பாய்ந்தது. உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் வீடுகளும், மருத்துவ நிலையமும், பள்ளிக்கூடமும் அடித்துப் போகப்பட்டன. டென்சிங் சிறுவனாக யாக் மேய்த்த ஊர் அது. புவி வெப்பம் கூடக்கூடப் பனி உருகி இத்தகைய ஏரிகள் பெருகி வருகின்றன. எனவே இனிமேல் பள்ளிக்கு இடம் பார்ப்பதென்றால், ஊருக்கு நடுவே எங்கே என்பதோடு, வெள்ளம் எட்டாத மேடு எது என்றும் பார்த்தாக வேண்டும்.

1961இல் இருந்த கும்பு இன்று இல்லை. அன்று வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்க, ஊரார் பதில் சொன்னார்கள். இன்று காட்மாண்டுவில் டிரஸ்டின் பணியைக் கவனிப்பவர்களில் அந்த மண்ணின் மைந்தர்களே பலர். ஆசிரியருக்குப் பயிற்சி, ஏழைப் பிள்ளைக்கு உபகாரச் சம்பளம், சாலை எட்டாத தூரத்துக் கிராமங்களுக்குப் புத்தகம் என்று பணி நீள்கிறது. ஓட்டல் வருமானம் இல்லாத சுமைகூலியின் பிள்ளைக்கு, நகரத்து விடுதிக்குக் கட்டணம் கட்ட முடியாத விதவையின் மகளுக்கு, உள்ளூர்ப் பள்ளியை விட்டால் வேறு கதி இல்லை. பள்ளியில் பத்துப் பிள்ளைகளே இருந்தாலும், அதைத் திறந்து வைத்திருக்க வேண்டியது அவர்களுக்காகத்தான்.