துணியும் குறிப்பேடும்

திருத்தணிகைக்கு அணித்தாகிய பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டு முதலிய ஊர்களில் நெசவே பலர்க்குப் பிழைப்பாகும். தாம் நெய்த ஆடைக்குப் பெயரொன்றிட்டு அயலூர்க் கடைக்காரருக்கு விற்க விரும்புவோர், துணியோடு ஒரு குறிப்பேடும் கொண்டு செல்லல் வேண்டும். அதில் எழுதத்தக்கது யாது என்பதை ஒரு வரலாற்றால் விளக்குவாம்.

1958-ஆம் ஆண்டில், மெட்ராஸ் என்னும் கட்டம்போட்ட பருத்தித்துணி அமெரிக்காவிலுள்ள புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குச் சென்றது. அதன் சாயம் நீரிற் கசியும் இயல்பினது. குளிர்ந்த நீரில் தனியே அலசவேண்டுமென்னும் செய்தியோ உடுத்தினோரை எட்டவில்லை. சாயம் கலைந்தது, முறையீடு எழுந்தது. பின்னர், கசிதலே இத்துணியின் சிறப்பென்று வெளிப்படையாக விளம்பரஞ் செய்யவே, மக்கள் அதனை விரும்பி வாங்கினர். முன்னமே சொல்லியிருப்பின் முறையீட்டிற்கு இடமில்லை.

ஆகையால் ஆடையின் படம், மாதிரித்துண்டு, நூலின் வகை, அளவுகள், மொத்தவிலை, சில்லறைவிலை, குறைந்த கொள்முதல், அனுப்பும் நாள் ஆகியவற்றோடு, சாயத்தின் இயல்பையும் துவைக்கும் முறையையும் குறிப்பேட்டில் தெளிவுற எழுதுக. ஒருமுறை ஏமாந்த கடைக்காரர் மறுமுறை வாரார். நெசவாளர் தறியில் ஏற்றும் அடுத்த பாவோ அம்மறுமுறையையே நம்பி நிற்கின்றது.