வட்டக்கச்சியில் இருந்து வரைபவருக்கு வேலை எங்கே இருக்கிறது?

வட்டக்கச்சியில் வீட்டைப் பெருப்பிக்க நினைக்கிறவர் முதலில் கூப்பிடுவது மேசனை. அவர் மண்ணிலேயே தடியால் இரண்டு அறை கீறிக் காட்டுவார், வேலை தொடங்கிவிடும். பிரதேச சபையோ வங்கியோ ‘பிளான் எங்கே?’ என்று கேட்கும்போதுதான் படவரைஞரின் நினைவு வரும்.

கணினியில் படம் வரையப் படித்த பிள்ளைகள் இப்போது ஊரிலேயே இருக்கிறார்கள். பக்கத்து அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும், 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. ஆனால் ஒட்டோகாட் மென்பொருள் கைவந்ததும் பலர் செய்வது பைவர் என்ற இணைய வேலைத் தளத்தில் ஒரு பக்கம் திறந்துவிட்டுக் காத்திருப்பதுதான். அங்கே உலகமே வரிசையில் நிற்கிறது. கிடைக்கும் 100 டொலரிலும் 20 டொலரைத் தளம் எடுத்துக்கொள்ளும்.

முதல் வேலை அயலில் இருக்கிறது. போருக்குப் பின் இந்திய வீட்டுத் திட்டத்தில், ஐந்தரை இலட்சம் ரூபாய் உதவியோடு வடக்கிலும் கிழக்கிலும் கட்டிய வீடுகளை எண்ணிப் பாருங்கள். சிறிய வீடுகள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்; ஒரு அறை, ஒரு குசினி கூட்ட வேண்டும். அந்த வீட்டை நாடா பிடித்து அளந்து, இருப்பதையும் கூட்டப்போவதையும் ஒரே தாளில் காட்டித் தர ஆள் வேண்டும். மேசனோடும் நில அளவையாளரோடும் பழக்கம் இருந்தால் போதும், விளம்பரம் தேவையில்லை. ஒன்று மட்டும் கவனம்: வரைவது வேறு, கையொப்பம் வேறு. அனுமதிக்குப் போகும் படத்தில் தகுதி பெற்றவரே ஒப்பமிட வேண்டும். அப்படி ஒருவரின் கீழ் வரைந்து கொடுப்பது நல்ல தொடக்கம்.

அடுத்த சந்தை லண்டனில் கட்டட வேலை செய்யும் நம்மவர்கள். அங்கே வீட்டுக்குப் பின்னால் அறை இறக்க விண்ணப்பித்தால் இடவமைவுப் படம் பெரும்பாலும் 1:1250 அளவிலும், தளப்படமும் முகப்புப் படமும் 1:50 அல்லது 1:100 அளவிலும் கேட்பார்கள். இந்த ஒழுங்கு தெரிந்தவருக்குத்தான் இரண்டாவது வேலை வரும். கட்டளைகளை வேகமாக அடிக்கத் தெரிவது பெரிய விஷயமில்லை. நேரமும் நமக்குச் சாதகம். இங்கே பகல் ஒரு மணிக்கு அனுப்பினால் அங்கே காலை ஏழரை அல்லது எட்டரை. இயந்திரப் பாகம் வரைகிறவர்களுக்கு வேறொரு பொறி: அமெரிக்கர் மூன்றாம் கோண எறியத்தில் கேட்பார்கள், ஐரோப்பாவில் முதலாம் கோணம்தான் வழக்கம். மாற்றி வரைந்தால் பாகமே பிழைத்துவிடும்.

சொந்தக்காரரிடம் விலை பேசுவதுதான் கஷ்டம். ‘தம்பி, சும்மா ஒரு படம்தானே!’ என்பார் மாமா. பாதிப் பணம் முன்னே, திருத்தம் இரண்டு தடவை மட்டும் என்று வட்ஸ்அப்பில் எழுத்தில் போட்டுவிடுங்கள். கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

களவு மென்பொருளில் வரைந்து வெளிநாட்டுக்கு விற்பது ஆபத்து. மாணவர் உரிமத்தில் கூலிவேலை செய்யவும் அனுமதியில்லை. 2016இலிருந்து ஒட்டோகாட் புதிதாக வாங்குவோருக்குச் சந்தாவில்தான் கிடைக்கிறது. லிப்ரேகாட் இலவசம், ஆனால் டிஎக்ஸ்எஃப் கோப்பாகத்தான் சேமிக்கும், வாடிக்கையாளரிடம் அதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். பேபலில் பணம் பெறும் வசதி இலங்கையருக்கு நீண்ட காலம் இல்லாததால் பலர் பயோனியர் வழியாக வங்கிக்கு எடுக்கிறார்கள். 2025 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டிலிருந்து வரும் இந்த வருமானத்துக்கு அதிகபட்சம் 15 சதவீத வரி உண்டு, ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு.

எவர் வேலை தந்தாலும் முதலில் கேட்பது ‘இதுவரை என்ன வரைந்தீர்கள்?’ என்பதைத்தான். காட்ட ஒன்றும் இல்லையென்றால் இந்தச் சனிக்கிழமை உங்கள் சொந்த வீட்டையே அளந்து, தளம், முகப்பு, வெட்டுமுகம் என்று முழுத் தொகுதியாக வரைந்து வையுங்கள்.