ஆள் சேர்த்தோரின் திறனை அளத்தல்: பனி ஹொக்கிக் கழகமும் சப்ரகமுவத் தோட்டமும்

வட அமெரிக்காவிலே பனித்தரையில் ஆடப்படும் ஹொக்கி விளையாட்டிற் கழகந்தோறும் பொது முகாமையாளர் எனப்படும் ஒருவர் உளர். அவர் மட்டையைக் கையில் எடுப்பவரல்லர், ஆட்டத்தைப் பயிற்றுபவருமல்லர். எவரை, எவ்விலைக்கு, எத்தனை ஆண்டுக்கு அமர்த்துவது என்பதைத் துணிவதே அவர் தொழிலாகும். ஒப்பந்தக் காலம் முடிந்து, தாம் விரும்பிய கழகத்திற் சேரும் உரிமை பெற்றவரைக் கட்டற்ற ஆட்டக்காரர் என்பர். அன்னாரை அமர்த்துவதில் ஒரு முகாமையாளர் வல்லவரா அல்லரா என மதிப்பிடுவது இன்று தனியொரு கணக்கியலாகவே வளர்ந்துவிட்டது. 2005ஆம் ஆண்டில் அங்கே கழகமொன்று சம்பளமாகக் கொடுக்கக்கூடிய மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அதன் பின்னர் ஒருவருக்கு மிகையாகக் கொடுத்த பணம் இன்னொருவரை அமர்த்தவொட்டாது தடுப்பதாயிற்று. ஆகவே தவறான தெரிவின் விலை முன்னையினும் கூடியது.

இவ்விளையாட்டை நம் மாணவருட் பலர் கண்டதில்லை. ஆயின் ஆள் சேர்ப்பவரின் திறனை அளப்பது எங்ஙனம் என்னும் வினா, இரத்தினபுரி, கேகாலை மாவட்டத்துத் தோட்டங்களுக்குப் புதியதன்று. தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த பெரிய கங்காணிமாரைத் தோட்டத்துத் துரைமார் அரை நூற்றாண்டுக்கு மேலாக இதே வினாவைக் கொண்டே எடைபோட்டனர். அவர்கள் கையாண்ட அளவுகோல் யாது, அதில் எங்கே பிழையிருந்தது என்பனவற்றைச் சிறிது ஆராய்வாம்.

முதலில் முறையை விளக்குதல் வேண்டும். ஆட்கள் தேவைப்பட்ட துரை, கங்காணியிடம் முற்பணம் கொடுத்து அக்கரைக்கு அனுப்புவார். கங்காணி தம் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் உறவினரையும் அறிந்தவரையும் திரட்டி, அவர்தம் பழங்கடன், வழிச்செலவு முதலியவற்றைத் தீர்த்து அழைத்து வருவார். செலவானது அனைத்தும், சிற்சில வேளை செலவாகாததும், தொழிலாளியின் பேரிற் கடனாக ஏறும். கங்காணிக்கோ, தம் ஆட்களில் நாடோறும் வேலைக்குத் தோன்றியவர் தலையொன்றுக்கு இவ்வளவு எனப் பென்ஸ் காசு கிடைக்கும்.

இனி மதிப்பீட்டைக் கவனிப்போம். எண்ணிக்கையை மட்டும் நோக்குவோன் எளிதில் ஏமாறுவான். ஓர் எடுத்துக்காட்டுக்காக இரு கங்காணிமாரைக் கற்பனை செய்வோம். முதல்வர் 3,000 ரூபா முற்பணத்தில் 50 பேரைக் கொணர்ந்தார். தலைக்கு 60 ரூபா. இரண்டாமவர் 2,400 ரூபாவில் 30 பேரைக் கொணர்ந்தார். தலைக்கு 80 ரூபா. இறங்கிய அன்று பார்ப்பவர் முதல்வரையே மெச்சுவர். ஓராண்டு கழித்து முதல்வரின் ஆட்களில் 30 பேரே எஞ்சி, ஒவ்வொருவரும் 200 நாள் வேலைக்கு வந்தனர் என்க. இரண்டாமவரின் ஆட்களில் 27 பேர் எஞ்சி, ஒவ்வொருவரும் 250 நாள் வந்தனர் என்க. ஓடிப்போனோரின் சில நாட்களை விட்டுக் கணக்கிட்டால், முதல்வர் வழியாக வந்த வேலைநாள் 6,000. ஒரு நாளுக்கு விழுந்த முற்பணம் 50 சதம். இரண்டாமவர் வழியாக வந்தவை 6,750. ஒரு நாளுக்கு ஏறக்குறைய 36 சதம். செக்றோலிற் பெயர் இருப்பது வேறு, விடியற் பிரட்டில் ஆள் நிற்பது வேறு. இதனை நல்ல கணக்கப்பிள்ளைமார் எந்நூலும் கல்லாமலே அறிந்திருந்தனர். ஹொக்கிக் கணக்கரும் இக்காலத்தில் ஆட்டக்காரரின் பெயரை விட்டு, அவர் களத்தில் நின்ற நிமிடங்களுக்கு எவ்வளவு செலவாயிற்று என்றே கேட்கின்றனர்.

அடுத்தது நல்வாய்ப்பையும் திறனையும் பிரித்தறிதல். தாது வருடப் பஞ்சம் என நம் முன்னோர் சொன்ன 1876 முதல் 1878 வரையிலான கொடுங்காலத்தில், சென்னை மாகாணத்து மக்கள் பசியால் உந்தப்பட்டுக் கூட்டங்கூட்டமாக இலங்கைக்கு வந்தனர். அவ்வாண்டுகளில் மிகுந்த ஆளைச் சேர்த்த கங்காணியைத் திறனுடையவர் எனப் புகழ்தல், மழை பெய்த ஆண்டில் உழவனை மட்டும் புகழ்வதை ஒக்கும். மழை நன்கு பெய்து ஊரிலே வேலை கிடைத்த ஆண்டில் ஆள் சேர்த்தவரே உண்மையில் தேர்வு பெற்றவராவர். முடிவை நோக்கி மட்டும் தீர்ப்புக் கூறாது, துணிந்த வேளையில் எதை அறிந்திருக்கக்கூடும் என நோக்குதல் இவ்வாராய்ச்சியின் உயிர்நிலையாகும்.

செயல் யாருடையது என்பதும் எளிதிற் புலப்படாத ஒன்று. 2006ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள் பொஸ்ரன் கழகம் ஸ்டேனோ சாரா என்னும் நெடிய காப்பாளரை ஐந்தாண்டுக்கு 37.5 மில்லியன் டொலருக்கு அமர்த்தியது. 2011இல் அவர் தலைமையிலேயே அக்கழகம் ஸ்டான்லிக் கிண்ணத்தை வென்றது. புகழோ பீற்றர் சியறெலி என்னும் முகாமையாளரைச் சார்ந்தது. ஆனால் அவ்வொப்பந்தம் நிகழ்ந்த நாளில் அவர் தம் பழைய கழகமாகிய ஒட்டாவாவிலிருந்து விடுபடவில்லை. இடைக்கால முகாமையாளராயிருந்த ஜெப் கோட்டனே அதனை முடித்தார். தோட்டத்திலும் இதுவே நிலை. ஊருக்குச் சென்று வீட்டுக்கு வீடு பேசி ஆளை அழைத்தவர் பெரும்பாலும் சில்லறைக் கங்காணி. தம் குடும்பத்தோடும் ஒட்டுறவோடும் வந்தவர்கள் அவரையே நம்பி வந்தனர். துரையின் நற்பெயரும் தலைப்பாகையும் பெரிய கங்காணிக்குச் சென்றன. சில்லறைக் கங்காணி மனம் கோணினால் கூட்டமே கலையும் என்பதைக் காலங்கடந்து அறிந்த துரைமார் பலர்.

இனி இவ்வரலாற்றின் நடுப்பொருளாகிய துண்டுக்கு வருவோம். கங்காணியொருவர் தம் கூட்டத்துடன் வேறு தோட்டம் செல்ல விரும்பினால், இத்துணை ரூபாக் கடன் செலுத்தப்படின் இன்னின்னாரை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. கங்காணி அதனைக் கையிற் கொண்டு தோட்டந்தோறும் விலை கேட்பார். கூடக் கொடுப்பவர் பழங்கடனைத் தீர்ப்பதோடு புது முற்பணமும் தருவார். அதுவும் கடனிலே சேரும். இவ்வாறு தோட்டம் மாறுந்தோறும் தலைக்கடன் ஏறியதேயன்றி, நாட்டில் ஒரு கைகூட அதிகமாகவில்லை.

சப்ரகமுவவில் இது முனைப்பாக நிகழ்ந்ததற்குக் காரணமுண்டு. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதம் 1902இல் அவிசாவளையையும் 1903இல் எட்டியாந்தோட்டையையும் 1912இல் இரத்தினபுரியையும் எட்டியது. 1910இல் றப்பர் விலை உச்சத்தை அடைந்தது. காடு வெட்டவும் களை பிடுங்கவும் உடனே ஆள் வேண்டும். மரமோ ஐந்து முதல் ஏழு ஆண்டு சென்றே பால் தரும். அக்கரையிலிருந்து புதியோரைக் கொணர மாதங்கள் செல்லும். அயல் தோட்டத்துக் கூட்டத்தைக் கவர ஓர் இரவே போதும். புதிதாகத் திறந்த தோட்டங்கள் கேட்ட விலையைக் கொடுத்தன. போட்டியில் வெல்பவர் பெரும்பாலும் பொருளின் பெறுமதியை மிகையாக மதித்தவரே என்பது ஏலக்கடை அறிந்த உண்மை. ஐந்து ஆண்டுக்குப் பின் வரப்போகும் பாலை நம்பி இன்று கடன் ஏற்றிய துரையின் கணக்கு, மூப்படையும் ஆட்டக்காரருக்குப் பழம்புகழை நம்பி நீண்ட ஒப்பந்தம் எழுதும் முகாமையாளரின் கணக்கை நினைவூட்டுகின்றது.

ஒப்புமை இவ்விடத்திலே முறிகின்றது. முறியும் இடமே நாம் கவனிக்கத்தக்கது. 2006இல் நியூ யோர்க் ஐலண்டர்ஸ் கழகம் ரிக் டிபியெற்றோ என்னும் கோல் காப்பாளரோடு 15 ஆண்டுக்கு 67.5 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் செய்தது. அவர் காயங்களால் நலிந்தார். 2013இல் கழகம் அவரை விலக்கியது. அத்தவற்றின் பொருட்டுக் கழகம் ஆண்டுதோறும் 1.5 மில்லியன் டொலர் வீதம் 2029 வரை செலுத்தக் கடமைப்பட்டது. தவறு செய்தவரே இழப்பையும் சுமந்தனர். தோட்டத்திலோ மிகையாகக் கொடுத்த பணம் கம்பனிக் கணக்கில் இழப்பாகத் தோன்றாமல், வரவேண்டிய கடனாக நின்றது. பேரம் பேசியவர்கள் துரையும் கங்காணியும். கடன் ஏறியது பேரத்தில் வாய் திறவாத தொழிலாளியின் பேரில். ஆகவே துரையின் புத்தகத்தை மட்டும் வைத்து ஒரு கங்காணியை மதிப்பிட்டால், கூட்டத்தைப் பன்முறை விற்றவரே கெட்டிக்காரராகத் தோன்றுவார்.

சட்டத்தின் கண்ணில் அத்தொழிலாளி மாத ஒப்பந்தக்காரர். ஒரு மாத முன்னறிவித்தலோடு விலகும் உரிமையுடையவர். எழுத்தளவில் அவரும் கட்டற்றவரே. துண்டில்லாத ஆளை அயல் தோட்டம் ஏற்பது அரிது. ஆதலால் உரிமை ஏட்டோடு நின்றது. ஐரோப்பியக் காற்பந்தாட்டத்திலும் ஒப்பந்தம் முடிந்த பின் கூட பழைய கழகம் விலை கேட்கும் வழக்கம் இருந்தது. பொஸ்மன் என்பாரின் வழக்கில் 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதனைத் தடுத்தது. தோட்டத்தில் அவ்வேலையை 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் செய்தது. துண்டு ஒழிந்தது. 1923ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, தோட்டங்கள் செலுத்திய பொது நிதியிலிருந்தே வழிச்செலவு கொடுக்கப்பட்டது. புதிதாக வருபவர் கடனின்றி இறங்கலாயினர்.

அதன் பின்னரும் கங்காணிமார் கடன் கொடுப்பதை விட்டாரல்லர். எனினும் அக்கடன் அயல் தோட்டத்துக்கு விற்கத்தக்க சரக்காக இருக்கவில்லை. 1939 ஓகஸ்ட் முதலாம் நாள் இந்திய அரசு பயிற்சியற்ற தொழிலாளர் வெளிச்செல்வதைத் தடுத்தபோது, அக்கரையில் ஆள் சேர்க்கும் வேலையும் முடிந்தது. பென்ஸ் காசு மாத்திரம், காலைப் பிரட்டில் நின்ற தலைகளை எண்ணியே, பின்னரும் கொடுக்கப்பட்டு வந்தது.