இரசாயனவியலை மக்கள் மன்றுக்குக் கொணர்ந்த பேராசிரியர்

இரசாயனவியல் விரிவுரையொன்றைக் கேட்பதற்கு மக்கள் குழந்தை குட்டிகளுடன் திரண்டு வருவார்கள் என்று சொன்னால் எம்மவரில் பலர் நம்பமாட்டார்கள். பரீட்சைக்காகப் பாடமாக்குவது, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுவது என்பதே அப்பாடத்துடன் எம்மிற் பெரும்பாலோருக்கு இருந்த உறவு. ஆயினும் நாம் வாழும் ரொறன்ரோவுக்கு மேற்கே, பெரு ஏரிகளுக்கு அப்பால், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத் தலைநகரான மடிசனில் 1970ஆம் ஆண்டு தொடக்கம் மார்கழி தோறும் இவ்வாறானதொரு காட்சி நடந்து வந்தது. நத்தார் காலத்தில் நிகழும் அவ்விரிவுரையின் ஐம்பதாவது நிகழ்வு 2019இல் நடைபெற்றது. ஐந்து வயதுப் பிள்ளையும் அதன் பாட்டியும் அருகருகே அமர்ந்து கேட்ட அந்த விரிவுரையை நிகழ்த்தி வந்தவர் விஸ்கொன்சின் பல்கலைக்கழக இரசாயனவியற் பேராசிரியர் பஸ்ஸாம் ஷகாஷிரி.

ஷகாஷிரி 1939இல் லெபனான் நாட்டிலே பிறந்தவர். 1957இல் பெற்றோருடனும் சகோதரிகள் இருவருடனும் அமெரிக்காவுக்கு வந்தார். அவரை அகதி என்று எழுத எமக்கு ஆசை உண்டு. ஆனால் அது உண்மையாகாது. அவர் வந்த காலத்தில் லெபனானில் உள்நாட்டுப் போர் தொடங்கியிருக்கவில்லை. அப்போர் 1975இல் மூண்டு பதினைந்து ஆண்டுகள் எரிந்தது. பிறந்த மண் எரிவதைத் தொலைதூரத்திலிருந்து பார்த்திருக்கும் நிலை அவருக்கும் வாய்த்தது என்ற அளவிலே மட்டும் அவரை எமக்கு அணித்தானவராகக் கொள்ளலாம்.

பொஸ்ரன் பல்கலைக்கழகத்தில் 1960இல் பட்டம் பெற்றார். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் 1968இல் கலாநிதியானார். இல்லினோய் மாநிலத்தில் இரண்டாண்டு காலம் பணியாற்றியபின் 1970இல் மடிசனுக்கு வந்து சேர்ந்தார். அங்கே முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பொது இரசாயனவியல் கற்பிப்பது அவருடைய பணிகளில் ஒன்று. நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருக்கும் மண்டபத்தில், அவர்களுட் பலர் இரசாயனவியலைத் தொடர்ந்து படிக்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே கற்பிக்கும் பணி அது. பல்கலைக்கழகங்களில் மூத்த பேராசிரியர்கள் இவ்வகுப்புகளை இளையோர் தலையிற் கட்டிவிட்டு ஆய்வுகூடத்துக்குள் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். ஷகாஷிரியோ அவ்வகுப்பையே தம் வாழ்நாட் பணியின் நடுவிடமாகக் கொண்டார். வந்த முதலாண்டிலேயே, பருவ முடிவில் மாணவர்களுக்கென ஒரு நத்தார் விரிவுரை நிகழ்த்தினார். அதுவே பின்னர் பொதுமக்களுக்கும் உரியதாகித் தொலைக்காட்சியிலும் இடம்பெறலாயிற்று.

இது அவர் புதிதாகக் கண்டுபிடித்த மரபன்று. இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூசனில் 1825இலேயே இளைஞர்களுக்கான நத்தார் விரிவுரைகள் தொடங்கிவிட்டன. மைக்கல் பரடே அங்கே பத்தொன்பது தொடர்களை நிகழ்த்தினார். ஒரு மெழுகுதிரியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, அது எரிவதில் இரசாயனவியல் முழுவதும் அடங்கியிருப்பதை அவர் காட்டிய தொடர் 1861இல் நூலாக வெளிவந்தது. இதனை எழுதுகையில் 1990களின் யாழ்ப்பாணம் எமது நினைவுக்கு வருகிறது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் பொன்னாயிருந்த அந்நாட்களில் எமது பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கின் சிறுசுடரிலே இரவிரவாகப் படித்தார்கள். பரடே கையில் வைத்திருந்த பாடம் ஒவ்வொரு பிள்ளையின் மேசையிலும் எரிந்துகொண்டிருந்தது. பாடத்திட்டமோ அச்சுடரின் வெளிச்சத்தில் சமன்பாடுகளை மனனஞ் செய்யும்படி கேட்டது.

ஷகாஷிரியின் மேடையில் நிகழ்ந்தவற்றுள் ஒன்றை விரிவாகச் சொல்வோம். மேசையில் உயரமான கண்ணாடி உருளைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நிறத் திரவம். அவற்றினுள்ளே ‘உலர்பனிக்கட்டி’ எனப்படும் திண்மக் காபனீரொட்சைட்டுத் துண்டுகளை இடுவார். அத்துண்டு பூச்சியத்துக்குக் கீழே 78 பாகை செல்சியசில் இருப்பது. உருகித் திரவமாகாமல் நேரே வாயுவாக மாறுவது. உருளையிலே குமிழிகள் கொப்புளித்தெழும். வாய்ப்புறத்தால் வெண்புகார் வழிந்து மேசையிற் பரவும். பார்த்துக்கொண்டிருக்கையிலேயே நிறங்கள் மாறும். நீலம் பச்சையாகிப் பின்னர் மஞ்சளாகும். பிள்ளைகள் கூச்சலிடுவார்கள்.

நிகழ்வதன் காரணம் இதுதான். நீரிலே முன்கூட்டியே சிறிதளவு அமோனியா சேர்க்கப்பட்டிருப்பதால் அது காரத்தன்மை கொண்டது. புறோமோதைமோல் நீலம் போன்ற ‘காட்டி’ ஒன்றும் அதில் உண்டு. காபனீரொட்சைட்டு நீரிற் கரைந்து காபோனிக்கமிலம் உண்டாகிறது. அமிலம் கூடக் கூடக் காரம் தணிந்து நடுநிலை தோன்றும். பின்னர் அமிலமே மேலோங்கும். காட்டி அவ்வவ் நிலைக்குரிய நிறத்தைக் காட்டும். வெண்புகாரோ காபனீரொட்சைட்டு அன்று. அவ்வாயு கண்ணுக்குப் புலப்படாது. குளிரினால் ஒடுங்கிய நீராவியின் நுண்டுளிகளே புகாராகத் தோன்றுகின்றன. சுண்ணாம்பு நீருக்குள் குழாயால் ஊதி அது பாலாவதைக் கண்ட எவரும் இதே வாயுவைத்தான் கண்டிருக்கிறார்கள்.

இவ்வாறான காட்சிகளைக் குறைகூறுவோரும் உளர். இவை வெறும் வேடிக்கை. பிள்ளைகளுக்கு வெடிச்சத்தம் நினைவில் நிற்குமேயன்றிக் காரணம் நிற்காது என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. செப்படிவித்தைக்காரனும் நிறத்தை மாற்றுகிறான். ஆனால் அவனுடைய பிழைப்பு காரணத்தை மறைப்பதிலே தங்கியுள்ளது. ஷகாஷிரியின் முறை அதற்கு நேரெதிரானது. முதலில் என்ன காண்கிறீர்கள் என்று கேட்பார். விளக்கம் பின்னரே வரும். கண்டதைக் கண்டபடி சொல்வது எத்துணைக் கடினம் என்பதை ஆசிரியத் தொழிலில் இருந்தோர் அறிவர். ‘புகை வருகிறது’ என்று ஒரு பிள்ளை சொல்லும். மேலே போகிறதா, கீழே வழிகிறதா என்று திருப்பிக் கேட்டால் அது மீண்டும் உற்றுப் பார்க்கும். அந்த இரண்டாவது பார்வைதான் விஞ்ஞானத்தின் தொடக்கம் என்பது எமது எண்ணம்.

நாம் கலைப்பட்டதாரிகள். ஊரிலே நாம் தமிழ் கற்பித்த வகுப்பறைக்கு அடுத்தாற்போலிருந்தது விஞ்ஞான ஆய்வுகூடம். அழுகிய முட்டை மணம் சுவர் கடந்து வந்தால், ‘இன்று கிப்பின் உபகரணத்தை வெளியே எடுத்துவிட்டார்கள்’ என்று மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஆண்டில் இரண்டொரு நாள் வரும் மணம் அது. மற்றைய நாட்களில் கதவு பூட்டியே கிடக்கும். பொருட்கள் கிடைப்பதரிது, கிடைத்தவற்றைக் காக்க வேண்டும் என்பது விஞ்ஞான ஆசிரியரின் நிலை. அவரை நோவதில் பயனில்லை.

பொருளும் அனுபவமும் குறைந்த ஆசிரியர்களுக்கெனவே ஷகாஷிரி செய்த பெரும்பணி, அவருடைய இரசாயனச் செய்துகாட்டல் கைந்நூல்கள். முதற்றொகுதி 1983இலும் ஐந்தாவது தொகுதி 2011இலும் வெளிவந்தன. ஒவ்வொரு செய்துகாட்டலுக்கும் தேவையான பொருட்கள், செய்முறை, ஆபத்துகள், எஞ்சியவற்றைப் பாதுகாப்பாக அகற்றும் வழி, விளக்கம் என்று ஒழுங்காக எழுதப்பட்டவை அவை. தாம் மேடையிற் பெற்ற கைதட்டலின் இரகசியம் முழுவதையும், எந்த ஊர் ஆசிரியரும் எடுத்து ஆளும்படி அச்சிட்டுக் கொடுத்துவிட்ட செயல் இது. வித்துவச் செருக்குடையவர் செய்யும் காரியமன்று.

அத்தொகுதிகளில் இரண்டாவதிலே ஒரு பரிசோதனை உண்டு. நிறமற்ற திரவங்களைக் கலந்தவுடன் கலவை பொன்னிறமாகும், திடீரெனக் கருநீலமாகும், மீண்டும் நிறமிழக்கும், மறுபடி பொன்னிறம். இச்சுழற்சி சில நிமிடங்கள் நாடித்துடிப்புப் போலத் தொடரும். தாக்கம் ஒருதிசையாக நிகழ்ந்து முடிவடையும் என்றே எண்ணிப் பழகியவர்களைத் திகைக்கவைக்கும் இதனைக் கண்டவர்கள் பெரும் பல்கலைக்கழகத்தார் அல்லர். சான்பிரான்சிஸ்கோ நகரின் உயர்நிலைப் பள்ளியொன்றில் விஞ்ஞானம் கற்பித்த பிறிக்ஸ், றவுஷர் என்னும் இரு ஆசிரியர்கள் 1973இல் இதனை வெளியிட்டார்கள். பள்ளி ஆசிரியர் என்றால் பிறர் கண்டதை ஒப்புவிப்பவர் என்று கருதுவோர் இதனைக் குறித்துக்கொள்வாராக.

1984 முதல் 1990 வரை ஷகாஷிரி வாஷிங்டனில் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவகத்தின் கல்விப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்தார். றேகன் ஆட்சியின் தொடக்கத்தில் அந்நிறுவகத்தின் கல்விப்பணி ஏறத்தாழ இல்லாதொழிக்கப்பட்டிருந்தது. அதனை மீளக் கட்டியெழுப்பியதில் அவருக்குப் பெரும்பங்குண்டு. பின்னர் மீண்டும் மடிசனுக்கே வந்து கற்பித்தார். 2007இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானச் சபையின் பொதுச்சேவை விருது கிடைத்தது. 2012இல் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினரைக் கொண்ட அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் தலைவரானார். காலநிலை மாற்றத்தின் விஞ்ஞானத்தை விளக்கும் கருவித்தொகுதி ஒன்று அவர் தலைமையின்போது அச்சங்கத்தால் உருவாக்கப்பட்டது. உருளையிலே பிள்ளைகளை மகிழ்வித்த அதே வாயுதான் அங்கும் பேசுபொருள். கடல்நீர் அவ்வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லக் காரத்தன்மை குறைந்து வருவதும், மேசையில் நீலம் மஞ்சளை நோக்கி நகர்ந்ததும் ஒரே இரசாயனவியலே.

எனினும், அவர் செய்தவற்றுள் எமது சமூகத்துக்கு மிக அண்மித்ததென நாம் கருதுவது, வெளிச்சமோ சத்தமோ இல்லாத ஒரு சிறு ஏற்பாடு. மடிசனில் அவர் அமைத்த விஞ்ஞான எழுத்தறிவு முயற்சி, 2010ஆம் ஆண்டு தொடக்கம் கலாநிதிப் பட்ட மாணவர்களிடம் ஒன்றைக் கேட்டு வந்தது. தமது ஆய்வேட்டிலே ஓர் அத்தியாயத்தை விஞ்ஞானம் படிக்காதவர்களுக்காக எழுதுங்கள் என்பதே அது. குடும்பத்தார், நண்பர்கள், பத்திரிகையாளர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள் ஆகியோர் வாசித்து விளங்கிக்கொள்ளத்தக்கதாய் அது அமைய வேண்டும். அந்த அத்தியாயம் தனியே கிடைக்கும் துண்டுப்பிரசுரமாக அல்லாமல் ஆய்வேட்டின் உள்ளேயே, ஏனைய அத்தியாயங்களோடு சமமாக அமர்ந்திருக்கும்.

எமது வீடுகளை எண்ணிப் பாருங்கள். தொழிற்சாலையிலும் உணவகத்திலும் இரவுவேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்த பெற்றோர் எத்தனையோ பேர். பிள்ளை பல்கலைக்கழகம் போகிறது, ஆராய்ச்சி செய்கிறது. ‘என்ன ஆராய்ச்சி?’ என்று அயலவர் கேட்டால் தாய்க்குச் சொல்லத் தெரியாது. பிள்ளையிடம் கேட்டால், ‘உங்களுக்கு விளங்காதம்மா’ என்ற பதில். அதில் அவமதிப்பு ஏதும் இல்லை. பிள்ளைக்கு அப்பொருள் தெரிந்த மொழியில் தாய்க்குப் பழக்கமில்லை. தாயின் மொழியில் அப்பொருளைச் சொல்லப் பிள்ளைக்குப் பழக்கமில்லை. பட்டமளிப்பு விழாவிலே இருவரும் ஒரே புகைப்படத்தில் நிற்பார்கள். நடுவே இருக்கும் இடைவெளி படத்தில் விழுவதில்லை.

தமிழிலே இவற்றைச் சொல்ல முடியாது என்பாருக்கு ஒரு செய்தி. ஷகாஷிரி பட்டம் பெற்ற அதே மசச்சூசெற்ஸ் மாநிலத்திலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவருடைய முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875இல் தமிழில் அச்சேறியது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் முடிந்த காரியம் இன்று எங்ஙனம் முடியாததாகும்?

இந்நகரில் ஆராய்ச்சி செய்யும் எம் இளையோரிடம் நாம் முன்வைக்கும் வேண்டுகோள் பெரிதன்று. ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன்னர் அதனைப் பற்றி நான்கு பக்கம் தமிழில் எழுதுங்கள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வாசித்துக் காட்டுங்கள். விளங்காத இடத்தில் அவர்கள் உங்களை நிறுத்தட்டும். இப்பத்திரிகை அவ்வாறான எழுத்துகளுக்கு இடந்தரும் என்று ஆசிரியர் எமக்கு உறுதி கூறியிருக்கிறார்.

சிறுபிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மஞ்சட்கறை பட்ட வெள்ளைத் துணியில் சவர்க்காரம் பட்டதும் அது சிவப்பதைக் காணாத தாய்மார் எம்மிடையே இல்லை. மஞ்சளும் ஒரு காட்டி, சவர்க்காரம் காரம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமமாவதும் இதனாலேயே. அடுத்தமுறை துணியைத் தோய்க்குமுன் பிள்ளையை அழைத்துக் காட்டுங்கள். என்ன காண்கிறாய் என்று கேளுங்கள். பின்னர் சிவந்த இடத்தில் ஒரு துளி வினாகிரி விடுங்கள். அது திரும்பவும் மஞ்சளாகும்.