ஈரக்கையும் பத்தின் வலுவும்

உயர்தரப் பௌதிகவியலில் எங்களுக்கு அதிகம் சலிப்புத் தருவது எது என்று கேட்டால், "விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில் எழுதுக" என்ற கட்டளையைத்தான் சொல்வேன். 230 வோல்ற்று என்றால் எல்லோருக்கும் விளங்குகிறது. அதை ஏன் 2.3 × 10² வோல்ற்று என்று எழுத வேண்டும்?

விதி சிறியது. ஒன்றுக்குக் குறையாத, பத்திலும் சிறிய ஓர் எண். அதைப் பெருக்கும் பத்தின் வலு. ஒன்றிலும் சிறிய அளவுகளுக்குச் சுட்டி மறையாக வரும். கணிப்பான் கொண்டுபோக முடியாத பரீட்சையில் மடக்கை அட்டவணை பார்க்க இது வசதி என்பதும் உண்மைதான். ஆனால் இதன் அருமை மின்னளவுகளில்தான் தெரிகிறது.

சுன்னாகம் உபமின் நிலையத்துக்கு மின் வருவது 132 கிலோவோல்ற்றில், அதாவது 1.32 × 10⁵ வோல்ற்றில். அங்கே 3.3 × 10⁴ ஆகக் குறைந்து, கடைசியில் 2.3 × 10² ஆக வீட்டுக்குள் வருகிறது. 5, 4, 2 என்ற சுட்டிகளைப் பார்த்தாலே படியிறங்குவது தெரிகிறது.

கூட்டும்போது மட்டும் அவதானம் வேண்டும். எங்கள் குறிகட்டுவான் துறையிலிருந்து படகு போகும் நெடுந்தீவு, நயினாதீவு ஆகியவற்றுக்கும் அனலைதீவுக்குமாக, இந்திய நன்கொடையில் ஒரு கலப்பு மின் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. அதில் சூரியமின் 1.7 × 10⁶ வாற்று, காற்றுமின் 5.3 × 10⁵ வாற்று. 1.7ஐயும் 5.3ஐயும் அப்படியே கூட்டக்கூடாது. 5.3 × 10⁵ஐ 0.53 × 10⁶ என மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். விடை 2.23 × 10⁶ வாற்று.

இனி வீட்டுக்கு வருவோம். புங்குடுதீவில் கிணற்றடியிலேயே தண்ணீர் மோட்டரின் சுவிட்ச் இருக்கும் வீடுகள் உண்டு. உடுப்புத் தோய்த்த கை, வுழூச் செய்த கை, எல்லாம் அந்தச் சுவிட்சுக்குத்தான் போகும். உலர்ந்த தோலுள்ள உடலின் தடை ஏறத்தாழ 10⁵ ஓம். நனைந்தால் அது 10³ ஓம் அளவுக்கு இறங்கிவிடும். உவர்நீர் என்றால் இன்னும் மோசம், ஏனெனில் உப்புக் கரைந்த நீர் மின்னை நன்றாகக் கடத்தும்.

ஓமின் விதிப்படி அழுத்தத்தைத் தடையால் வகுப்போம். வகுக்கும்போது சுட்டிகளைக் கழித்தால் போதும். உலர்ந்த கையில் ஓட்டம் 2.3 × 10⁻³ அம்பியர். ஒரு சுரீர் உணர்வு. ஈரக்கையில் 2.3 × 10⁻¹ அம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைத்து உயிரைப் பறிக்கப் போதுமானது. முன்னால் நிற்கும் 2.3 மாறவேயில்லை. சுட்டி மட்டும் −3 இலிருந்து −1 ஆனது. 0.0023, 0.23 என்று எழுதியிருந்தால் கண் பூச்சியங்களை எண்ணிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று: இதை 2.300 × 10⁻¹ என்று எழுதினால் அது பொய்க் கணக்கு. தோலின் தடை ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும். அத்தனை இலக்கங்களுக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது மின்மானிக்கு அருகிலுள்ள ட்ரிப் சுவிட்சை. வீடுகளுக்குரியதில் பெரும்பாலும் 40 அம்பியர், 30 மில்லியம்பியர் என இரண்டு அளவுகள் இருக்கும். முதலாவது 4 × 10¹ அம்பியர். அந்தச் சுவிட்ச் தாங்கக்கூடிய ஓட்டம். இரண்டாவது 3 × 10⁻² அம்பியர். போன ஓட்டத்துக்கும் திரும்பி வந்த ஓட்டத்துக்கும் இவ்வளவு வித்தியாசம் வந்தால், 3 × 10⁻¹ செக்கனுக்குள் அது மின்னைத் துண்டிக்க வேண்டும். மேலே கண்ட −3க்கும் −1க்கும் நடுவில் இந்த −2 நிற்பதைப் பாருங்கள். சாதாரண உருகி இந்த வேலையைச் செய்யாது. அம்பியர் கணக்கில் ஓட்டம் கூடினால்தான் அது எரியும், ஈரக்கை வழியே போகும் ஓட்டம் அதற்குத் தெரியாது.

ட்ரிப் சுவிட்சில் ஒரு சிறு சோதனைப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் வீடு முழுக்க மின் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், அடுத்த முறை மோட்டர் போடுவதற்கு முன் மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.