முற்றுகைப் போர் ஆடலாம் வாங்க... ஆனால், போர்டில் இல்லாதவர்கள் யார்?

மேஜையில் விரித்துவைத்த ஒரு வரைபடம். நடுவே குன்றின் மேல் ஒரு நகரம். அதைச் சுற்றி ஓர் அரண். அந்த அரணையும் சுற்றி இன்னோர் அரண். இரண்டுக்கும் நடுவில் ரோமானியப் படை!

அலேசியா முற்றுகையை வைத்து, அமெரிக்காவின் அவலான் ஹில் நிறுவனம் 1976-ல் வெளியிட்ட `சீசர்' போர்டு கேம்தான் இது.

எதற்கு இரண்டு அரண்?

கி.மு. 52. இன்றைய பிரான்ஸ் பகுதிக்கு அன்று கௌல் என்று பெயர். ரோமை எதிர்த்துக் கிளம்பிய கௌல் தலைவர் வெர்சிங்கெட்டோரிக்ஸ், தன் படையோடு அலேசியா நகருக்குள் ஒதுங்கினார். பட்டினி போட்டே அவரைப் பணியவைக்க நினைத்தார் ஜூலியஸ் சீசர். நகரைச் சுற்றி சுமார் 16 கி.மீ நீளத்துக்கு அரண் எழுப்பினார். வெர்சிங்கெட்டோரிக்ஸுக்கு உதவ வெளியிலிருந்து பெரும்படை வருவது தெரிந்ததும், வெளிப்பக்கம் பார்த்தபடி சுமார் 21 கி.மீ நீளத்துக்கு இன்னோர் அரண். முற்றுகையிட்டவரே முற்றுகைக்குள் சிக்கிய கதை இது.

கேமில் ஒருவர் சீசர். எதிரில் இருப்பவருக்கு, உள்ளே இருக்கும் படை, வெளியிலிருந்து வரும் படை இரண்டுமே சொந்தம். அட்டைக் காய்கள், பகடை, கட்டம் போட்ட வரைபடம். இவ்வளவுதான். சீசராக ஆடுபவருக்கு ஒரே தலைவலி, ஆள் பற்றாக்குறை. ஒரு பக்கத்தைப் பலப்படுத்தினால் இன்னொரு பக்கம் பலவீனமாகிவிடும். புத்தகத்தில் படித்தால் புரியாத அந்தப் பதற்றம், இங்கே சில நிமிடங்களில் புரிந்துவிடும்.

காய் கிடைக்காத மக்கள்

ஆனால், இந்த கேம் எடுத்துக்கொண்டது இறுதிப் போரை மட்டும்தான். அதற்கு முன் நடந்த ஒரு கொடுமைக்கு இதில் இடமில்லை.

நகருக்குள் இருந்த தானியம் சுமார் 30 நாள்களுக்குத்தான் வரும். அது தீரும் நிலை வந்ததும், போரிட முடியாதவர்களை வெளியேற்ற முடிவெடுத்தார்கள். அந்த ஊரின் சொந்தக்காரர்களான மாண்டுபி மக்கள், மனைவி குழந்தைகளோடு வெளியே அனுப்பப்பட்டார்கள். `அடிமையாகவாவது எங்களை ஏற்றுக்கொண்டு சோறு போடுங்கள்' என்று ரோமானிய அரண் முன்னால் அழுதார்கள். காவல் போட்டுத் தடுத்துவிட்டதாக சீசரே எழுதியிருக்கிறார். அதன்பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர் எழுதவில்லை. நடுவிலேயே மாண்டுபோனதாகச் சொல்கிறார், பிற்கால வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ.

`தளபதியின் இடத்தில் உட்கார்ந்து ஆடும் விளையாட்டில் பொதுமக்களுக்கு என்ன வேலை?' என்று கேட்கலாம். அந்த மக்களை உள்ளே விடாததும் ஒரு தளபதியின் முடிவுதானே!

வீட்டுக்குள்ளிருந்து ஒரு முற்றுகை

2017-ல் வந்த `திஸ் வார் ஆஃப் மைன்' போர்டு கேம் இதற்கு நேர் எதிர். 1992 முதல் 1996 வரை நடந்த சரயேவோ முற்றுகையின் தாக்கத்தில் உருவானது. இதில் தளபதியே கிடையாது. ஆடுபவர்கள் எல்லோரும் சேர்ந்து, இடிந்த வீட்டில் தங்கியிருக்கும் சாதாரண மக்களைக் காப்பாற்ற வேண்டும். பகலில் வெளியே போனால் துப்பாக்கிக் குண்டு பாயும். இரவில் சிலர் உணவும் மருந்தும் தேடிப் போக, மற்றவர்கள் வீட்டுக்குக் காவல். இருப்பதோ கொஞ்சம் சாப்பாடு. இன்று யாருக்குக் கொடுப்பது, யாரைப் பட்டினி போடுவது?

அலேசியாவில் உதவிப்படை தோற்றது. மறுநாளே வெர்சிங்கெட்டோரிக்ஸ் சரணடைந்தார். கி.மு. 46-ல் ரோமில் கொல்லப்பட்டார். அவர் பெயர் வரலாற்றில் நின்றது, கேமிலும் அவருக்கு ஒரு காய் கிடைத்தது. மாண்டுபி மக்களுக்கு அதுவும் இல்லை.

பிள்ளைகளோடு இப்படி ஒரு கேமை விரித்தால், ஆட்டம் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். `அந்த ஊரில் வேறு யாரெல்லாம் இருந்திருப்பார்கள்?'